கம்பெனி செயலிக்கு ஒரு தனி போன்: மண்டபம் கரையில் செய்து பார்த்த விவரம்

அலமாரியில் கிடந்த பழைய போனைச் சரிசெய்து, கம்பெனி வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கிய வேலை இது. தடை முடிந்து, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வாடைக்காற்று தொடங்கும் வரைக்கும் அந்த போன் தாக்குப்பிடித்துவிட்டது. இனி தைரியமாக எழுதலாம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு எங்கே நேரம் போகும், எங்கே காசு போகும் என்று தெரிந்தால் போதும் என்பதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்குக் கணவாய், நண்டு, இறால் வாங்கிக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் மண்டபம் கோயில்வாடி, சில நாள் பாம்பன் தெற்குவாடி, சரக்கு குறைந்தால் தங்கச்சிமடம். எப்போதாவது தனுஷ்கோடிப் பக்கம் கரைவலைக்காரர்களிடம் போய் நிற்பதும் உண்டு. விலை, எடை, எத்தனை பெட்டி ஐஸ், வேன் எப்போது கிளம்பியது என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டும். இவ்வளவு காலமும் இது என் சொந்த போனில்தான் நடந்தது. வங்கிக் கணக்கு, ஆதார் ஓடிபி, பிள்ளைகளின் படங்கள், அம்மாவின் மருந்துச் சீட்டு எல்லாமும் அதே போனில்தான் இருந்தன. நண்டுப் பெட்டிப் படத்துக்கு அடுத்த படமாக மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடும் படம் இருக்கும். அது ஒன்றும் பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 15ஆம் தேதி விசைப்படகுத் தடை தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள். நாட்டுப்படகு நண்டு வந்துகொண்டிருந்ததால் எங்களுக்கு வேலை அடியோடு நிற்கவில்லை, குறைந்திருந்தது. ஆள் சும்மா இருக்கிறான் என்று நினைத்தார்களோ என்னவோ, அந்த நேரம் பார்த்து கம்பெனியிலிருந்து வருகைப் பதிவுச் செயலி ஒன்றை அனுப்பினார்கள். இறங்குதளத்தைச் சுற்றி 200 மீட்டருக்குள் நின்று பதிவு செய்தால்தான் அன்றைக்குச் சம்பளம்.

அதுவரைக்கும் சரி. செயலியை நிறுவியதும் அது கேட்ட அனுமதிகளைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. இருப்பிடம் எப்போதும் வேண்டும், கேமரா வேண்டும், படங்களும் கோப்புகளும் வேண்டும், தொடர்பு எண்கள் வேண்டும். கடைசியில் அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியும் வேண்டுமாம். மேனேஜருக்கு போன் போட்டேன். "எல்லாத்துக்கும் அலோ குடுத்துடுங்க தம்பி, இல்லன்னா ஆப் ஓடாது" என்றார்.

மற்றதை விடுங்கள், அந்தக் கடைசி அனுமதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி கொடுத்துவிட்டால், போனின் மேல்பக்கம் வந்து விழும் ஒவ்வொரு வரியும் அந்தச் செயலிக்கும் தெரியும். வங்கியில் பணம் ஏறியது, மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது, ஓடிபி எண் எல்லாமே அதில் அடக்கம். கம்பெனி அதை எடுத்துப் படிக்கிறது என்று நான் சொல்லவில்லை. படிக்கலாம் என்ற நிலை இருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று வேலை நேரத்தில் கம்பெனி தெரிந்துகொள்வதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கரையில் நிற்பதற்குத்தானே சம்பளம்.

முதலில் காசு செலவில்லாத வழியைப் பார்த்தேன். என் போன் ஆண்ட்ராய்டு 13. அதில் ஒவ்வொரு அனுமதியையும் தனித்தனியாகக் குறைக்கலாம். அறிவிப்பு, தொடர்பு, கோப்பு மூன்றையும் மறுத்தேன். செயலி முனகியது, ஆனால் ஓடியது. இருப்பிடத்தை "பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும்" என்று மாற்றியதும் திரை முழுக்கச் சிவப்பாகி, "எப்போதும்" என்று மாற்றினால்தான் பதிவு நடக்கும் என்று நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் மாற்றிக் கொடுத்தேன்.

ஆண்ட்ராய்டு 12 முதல் அமைப்புகளுக்குள் தனியுரிமைப் பலகை என்று ஒரு பக்கம் இருக்கிறது. எந்தச் செயலி எந்த நேரத்தில் இருப்பிடத்தையும் கேமராவையும் மைக்கையும் தொட்டது என்று மணிவாரியாகக் காட்டும். மறுநாள் அதைத் திறந்து பார்த்தேன். காலையில் தொட்டிருக்கிறது, அது நியாயம். இரவு 9.40க்கு நாங்கள் குடும்பத்தோடு உச்சிப்புளியில் ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அப்போதும் தொட்டிருக்கிறது. 11 மணிக்கு மேலும் தொட்டிருக்கிறது. என்ன செய்யும், பாவம், "எப்போதும்" என்றால் எப்போதும்தான். உங்கள் போனிலும் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், கம்பெனிச் செயலி என்றில்லை, சும்மா டார்ச் லைட்டுக்கு என்று போட்டு வைத்திருப்பதுகூட என்னென்ன செய்கிறது என்று தெரியும்.

அடுத்து வேலைச் சுயவிவரம். ஆண்ட்ராய்டு 5 வந்த 2014லிருந்தே இந்த வசதி உண்டு. ஒரே போனுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பி வேலைச் செயலிகளை ஒரு பக்கமாக வைக்கலாம். அவற்றின் மேல் சின்னதாக ஒரு கைப்பெட்டிப் படம் ஒட்டியிருக்கும். அந்தப் பக்கச் செயலிக்கு இந்தப் பக்கப் படமும் தெரியாது, தொடர்பும் தெரியாது. மாலையில் ஒரு தட்டு தட்டினால் அந்தப் பக்கம் மொத்தமாகத் தூங்கிவிடும். கம்பெனியே அதை அமைத்துக் கொடுத்தால், வேலையை விட்டுப் போகும்போது அவர்களால் அந்தப் பக்கத்தை மட்டும்தான் அழிக்க முடியும். எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. அதனால் ஷெல்டர் என்ற திறமூலச் (நிரலை யாரும் பார்க்கலாம்) செயலியை வைத்து நானே அந்தப் பக்கத்தை உருவாக்கினேன். பத்து நிமிட வேலை, எந்தச் சிக்கலும் இல்லை.

வருகைச் செயலியை அங்கே நிறுவித் திறந்ததும், நகல் செயலி ஓட்டக்கூடாது என்று சொல்லி மூடிக்கொண்டது. ஒரே போனில் இரண்டு பிரதி ஓட்டி ஏமாற்றுபவர்களைப் பிடிக்க இப்படி எழுதி வைக்கிறார்கள். செயலி தன்னுடைய கோப்புகள் எந்தப் பாதையில் கிடக்கின்றன என்று பார்க்கும். பிரதான பயனருக்கு எண் 0. வேலைச் சுயவிவரம் பொதுவாக 10ஆம் எண்ணில் இருக்கும். 0 இல்லையென்றால் நகல் என்று முடிவு கட்டிவிடும். இதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடுவது வீண். கம்பெனி மின்னஞ்சல், அலுவலக அரட்டை மாதிரி விஷயங்களுக்கு வேலைச் சுயவிவரம் அருமையாக இருக்கிறது. அப்படிப்பட்ட வேலை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே இருக்கும் திருப்புளி வேலையெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை.

இந்த நேரத்தில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் போலி இருப்பிடம் காட்டும் செயலி இருக்கிறது, வீட்டிலிருந்தே பதிவு போடலாம் என்று ஆசை காட்டினான். வேண்டாம் என்றுவிட்டேன். 2024ல் அமெரிக்காவின் பெரிய வங்கி ஒன்று, விசைப்பலகையில் வேலை நடப்பதுபோலப் பாவனை காட்டியதற்காகப் பத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு அனுப்பியது. அங்கேயே அந்தக் கதை. ஏமாற்றப் போனால் என் பக்கம் இருக்கும் நியாயமும் சேர்ந்து போய்விடும்.

ஆகத் தனி போன்தான் வழி. புதிதாக வாங்க 7,000 ரூபாயாவது வேண்டும். அலமாரியில் 2019ல் வாங்கிய ஒரு போன் கிடந்தது. 4,000 எம்ஏஎச் பேட்டரி, டைப்-சி, பின்மூடி பிளாஸ்டிக். எடுத்துப் பார்த்தால் பின்மூடி ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் போலத் தூக்கிக்கொண்டிருந்தது. பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜர் சொருகும் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஊசிகள் பச்சையாகப் பூத்திருந்தன. கடற்கரையில் போன் வைத்திருக்கும் யாருக்கும் இந்தப் பச்சை தெரியும், உப்புக்காற்றில் செம்பு அரிக்கும் களிம்பு. யுஎஸ்பி மீட்டர் வைத்து சார்ஜ் போட்டேன். 0.2 ஆம்பியர்தான் உள்ளே போகிறது. அதுவும் கேபிளை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான்.

முதலில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன். பச்சை போனது, கூடவே ஊசியின் மேல்பூச்சும் போயிருந்தது. சார்ஜ் 0.5 ஆம்பியர் வரை ஏறி மறுபடி இறங்கியது. அரித்துப்போன ஊசியை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. இந்த மாதிரி போன்களில் நல்ல வசதி, சார்ஜிங் துவாரம் பிரதான பலகையில் இருக்காது, அடியில் தனியாக ஒரு குட்டிப் பலகையில் இருக்கும். அதை மட்டும் மாற்றலாம். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உதிரிபாகக் கடையில் சார்ஜிங் போர்டு 300 ரூபாய், பேட்டரி 750 ரூபாய். பேட்டரி வாங்கும்போது அங்கேயே மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 3.8 வோல்ட் காட்டியது. 3.4க்குக் கீழே காட்டினால் வாங்காதீர்கள், ரொம்ப நாள் கடையில் தூங்கிய சரக்கு அது.

பிரிக்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பின்மூடியின் உட்பக்கத்திலிருந்து கைரேகை உணரிக்கு ஒரு மெல்லிய நாடா போகும். மூடியை ஒரே இழுப்பாக இழுத்தால் அது கிழிந்துவிடும். கீழ்மூலையில் பிளாஸ்டிக் பிக் ஒன்றை நுழைத்து, சுற்றிலும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, புத்தகம் திறக்கிற மாதிரி பக்கவாட்டில் சாய்த்து, நாடாவின் முனையைக் கழற்றிய பிறகுதான் மூடியை எடுக்க வேண்டும். இரண்டாவது பேட்டரி. உப்பிய லித்தியம் பேட்டரியைத் திருப்புளியால் நெம்பக்கூடாது, குத்திவிட்டால் தீ. ஓரங்களில் ஆல்கஹாலை நாலைந்து சொட்டு விட்டுச் சில நிமிடம் பொறுத்தால் அடியில் இருக்கும் ஒட்டு இளகும். அப்புறம் பழைய ஏடிஎம் அட்டையைத் தட்டையாக உள்ளே தள்ளித் தள்ளி எடுத்தேன். எடுத்ததை வைக்கப் பக்கத்திலேயே ஒரு சட்டியில் மணல். எங்கள் ஊரில் மணலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கடற்கரை ஈர மணலை அள்ளாதீர்கள், உப்புத் தண்ணீர் பேட்டரி முனையில் பட்டால் அதுவே வேறு வினை. கட்டட வேலைக்கு வந்த காய்ந்த மணல் எடுத்தேன்.

புதுப் பலகையை மாட்டி, பேட்டரி இணைப்பைக் கடைசியாகக் கொடுத்து, மூடாமலேயே சார்ஜ் போட்டுப் பார்த்தேன். மீட்டரில் 1.6 ஆம்பியர். சாதாரண 10 வாட் சார்ஜரில் மூன்று மணி நேரத்தில் நிரம்பியது. சூடு இல்லை. அப்புறம் மூடியின் ஓரம் முழுக்க டி-7000 பசையை நூல் கனத்துக்கு இழுத்துவிட்டு மூடினேன். கிளிப் மட்டுமே பிடித்துக்கொள்ளும், பசை ஈரத்துக்காக. ரப்பர் பேண்டு சுற்றி இரவு முழுக்க வைத்தேன். தண்ணீரில் போடும் அளவுக்கெல்லாம் இது காக்காது, உப்புக்காற்று நேராக உள்ளே போகாமல் இருந்தால் சரி.

மென்பொருள் பக்கம் கொஞ்சம்தான் வேலை. தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, வேலைக்கென்று ஒரு புதுக் கூகுள் கணக்கு தொடங்கினேன். என் சொந்தக் கணக்கை அந்த போனில் ஒரு நிமிடம்கூட நுழைக்கவில்லை, நுழைத்தால் தொடர்புகள், கடவுச்சொற்கள், படங்கள் எல்லாம் பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும். ஏலக்காரர்கள், ஐஸ் கம்பெனி, வேன் டிரைவர்கள், தரகர்கள் இவர்களுடைய எண்களை மட்டும் என் போனில் தேர்ந்தெடுத்து புளூடூத்தில் அனுப்பினேன். இனி அந்தச் செயலி தொடர்பு கேட்டாலும் கொடுக்கலாம், கோப்பு கேட்டாலும் கொடுக்கலாம். அங்கே இருப்பதெல்லாம் கணவாய் விலைதான். அமைப்புகளில் செயலி எழுதுபவர்களுக்கென்று ஒளித்து வைத்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை மட்டும் திறக்காமல் விடுங்கள், அது திறந்திருந்தாலே பல வருகைச் செயலிகள் ஓட மறுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதிதாகத் துடைத்த போனின் வரவேற்புத் திரையை ஆறு முறை தட்டினால் ஒரு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லும். கம்பெனி கொடுக்கும் குறியீட்டை அங்கே காட்டினால் போன் முழுதும் அவர்கள் நிர்வாகத்துக்குப் போய்விடும், தூரத்திலிருந்தே மொத்தமாகத் துடைக்கவும் முடியும். கம்பெனி வாங்கித் தந்த போன் என்றால் அது அவர்கள் இஷ்டம். உங்கள் காசில் வாங்கிய, சொந்த விஷயங்கள் இருக்கும் போனில் செய்யாதீர்கள்.

இதுவரை நடந்தது எல்லாம் இரண்டு மாலை நேரத்தில் அடங்கும். உண்மையான இழுபறி எண்ணில்தான்.

என் பழைய எண் கரை முழுக்கத் தெரியும். கோயில்வாடியில் ஏலக்கூடத்துச் சுவரில்கூடக் கரியால் எழுதியிருக்கிறது. அதை வேலை போனுக்குக் கொடுத்துவிட்டுப் புது எண்ணை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்: ஆதார், வங்கி, கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை, பிள்ளைகள் பள்ளி, அம்மாவின் ஓய்வூதியம். எல்லாம் பழைய எண்ணில். ஓடிபி வரும் எண்ணைக் கம்பெனிச் செயலி இருக்கும் போனில் போட்டால் இவ்வளவு செய்ததும் வீண். ஆகப் பழைய எண் வீட்டோடு, புது எண் கரைக்கு.

அழைப்பு மாற்றி விடலாமே என்று கேட்பீர்கள். முழுதாகத் திருப்பினால் அம்மாவின் அழைப்பும் வேலை போனுக்குப் போகும். இன்னார் அழைத்தால் மட்டும் திருப்பு என்று சிம் நிறுவனத்திடம் சொல்லும் வசதி இல்லை. வாட்ஸ்அப்பில் எண் மாற்றும் வசதி இருக்கிறது, அது கணக்கையே தூக்கிக்கொண்டு போய்விடும், எனக்கு அது வேண்டாம். புது எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, ஒவ்வொரு குழுவின் அட்மினிடமும் சொல்லிப் புது எண்ணைச் சேர்க்க வைத்து, பழைய எண்ணோடு வெளியேறினேன். வெளியேறும் முன் பழைய விலைப் பட்டியல்களை அரட்டை ஏற்றுமதி செய்து எடுத்துக்கொண்டேன், அது இல்லாமல் அடுத்த சீசனில் பேரம் பேச முடியாது.

ஆட்கள்தான் மாறவில்லை. ஜூன் 15 விடியற்காலை படகுகள் கடலுக்குப் போனதிலிருந்து பழைய எண்ணுக்கே அழைப்பு. "என்ன மாப்ள, புது நம்பர் எதுக்கு, பழசு என்ன தேஞ்சா போச்சு?" என்று ஒரு ஏலக்காரர். "ஒண்ணுமில்லண்ணே, கம்பெனி நம்பர் இது, இதுல கூப்பிட்டா உடனே எடுப்பேன்" என்றேன். அவர் மறுநாளும் பழையதிலேயே கூப்பிட்டார். விளக்கம் சொல்லி யாரையும் மாற்ற முடியாது என்று தெரிந்துகொண்டேன். அதன்பிறகு பழைய எண்ணில் வேலை அழைப்பு வந்தால் எடுக்காமல், அடுத்த நிமிடமே புது எண்ணிலிருந்து திருப்பி அழைத்தேன். அவர்கள் போனில் கடைசியாக வந்த அழைப்பு புது எண்ணாக இருக்கும், அடுத்த முறை கை தானாக அதைத்தான் அழுத்தும். ஆகஸ்ட் வாக்கில் பெரும்பாலும் அடங்கிவிட்டது. சுவரில் இருந்ததையும் நானே அழித்துவிட்டுப் புதியதை எழுதினேன்.

இன்னும் தீராத ஒன்று யுபிஐ. ஐஸுக்கும் சுமைக்கூலிக்கும் அவசரத்துக்கு என் கணக்கிலிருந்து போட்டுவிட்டு அப்புறம் கம்பெனியில் வாங்கிக்கொள்வேன். வங்கியில் பதிந்த எண்ணின் சிம் இருக்கும் போனில்தான் யுபிஐ ஓடும். அதனால் கரையில் நிற்கும்போது இரண்டு போனும் இடுப்பில் இருக்க வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு ஐஸுக்குக் கையில் ரொக்கம்.

களத்தில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜிப் வைத்த தண்ணீர் புகாத பை 220 ரூபாய். ஐஸ் தண்ணீர் கையோடு தொட்டால் பைக்குள் இருக்கும் திரை சொன்ன பேச்சைக் கேட்காது, விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். வெயிலில் பைக்குள் வேர்வை கட்டுகிறது, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு வைத்து வாரம் ஒருமுறை வெயிலில் காய வைக்கிறேன். டைப்-சி துவாரத்துக்கு ரப்பர் அடைப்பான், ஐந்து சேர்ந்து 60 ரூபாய், அதில் மூன்று ஏற்கெனவே கடலுக்குப் போய்விட்டது. காந்த முனை சார்ஜர் கேபிள் வாங்கத் தோன்றும், எங்கள் கரைக்கு அது ஆகாது, வெளியே தெரியும் ஊசிகள் முதலில் பச்சை பிடிக்கும். எப்போதும் இருப்பிடம் ஓடினாலும் விடியற்காலை 4 மணிக்கு முழு சார்ஜோடு எடுத்துப் போனால் பிற்பகல் 3 மணிக்கு 35 சதவீதம் மிச்சம் இருக்கிறது.

தனுஷ்கோடி ஒரு தனிக் கதை. தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் வாக்கில்தான். போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் நிறுத்தியிருந்தால் டேட்டா போகாது, பதிவு ஆகாது. ஜிபிஎஸ் பிடிக்கும் முன்பு டவரை வைத்து இடத்தைக் கணித்தால் இன்னும் வேடிக்கை. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, "தம்பி, நீங்க தலைமன்னார்ல என்ன பண்றீங்க?" என்று கேட்டார். நேரத்தில் தப்பு வராது, இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான். தீர்வு: அமைப்புகளில் தானியங்கி நெட்வொர்க் தேர்வை நிறுத்தி நம் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். திறந்த வெளியில் ஒரு நிமிடம் நின்று ஜிபிஎஸ் பிடித்த பிறகு செயலியைத் திறங்கள்.

இதே சூட்டில் வீட்டில் தங்கச்சியின் கம்பெனி மடிக்கணினியையும் ஒழுங்குபடுத்தினோம். அவள் வீட்டிலிருந்து ஒரு சென்னைக் கம்பெனிக்கு மருத்துவ பில்லிங் பார்க்கிறாள். வைஃபை ரௌட்டரில் விருந்தினர் வலையமைப்பைத் திறந்து, அந்த மடிக்கணினியையும் என் வேலை போனையும் அதில் போட்டோம். வீட்டு போன்களும் டிவியும் பழைய வலையமைப்பில். அவள் குரோமில் சொந்த ஜிமெயிலையும் நுழைத்து வைத்திருந்தாள், வெளியேற்றியாயிற்று. அப்புறம் ஒரு சோதனை: வங்கி இணையதளத்தைத் திறந்து, கடவுச்சொல் எதுவும் போடாமல், முகவரிப் பட்டையில் இருக்கும் சின்னத்தை அழுத்தி அந்தத் தளத்தின் சான்றிதழை வழங்கியது யார் என்று பார்த்தோம். வழக்கமான சான்றிதழ் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் அவள் கம்பெனியின் பெயர் இருந்தது. என்றால் அந்தக் கணினியில் பூட்டுப் போட்டுப் போகும் போக்குவரத்தையும் கம்பெனி நடுவில் பிரித்துப் பார்க்கிறது. அது அவர்கள் கணினி, அவர்கள் உரிமை. அதில் வங்கி வேலை பார்ப்பதை அன்றோடு விட்டாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடினேன். 2017ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 7ஆம் பிரிவில், வேலை தொடர்பான காரணங்களுக்கு ஊழியரின் ஒப்புதல் இல்லாமலும் தகவலைக் கையாள இடம் தருகிறது. மேனேஜரிடம் போய் இதை வாதாடுவதில் அர்த்தமில்லை. நாலு வரி மின்னஞ்சல் எழுதினேன்: வேலைக்குத் தனி போன் வைத்திருக்கிறேன், இதுதான் எண், வேலை நேரத்தில் எப்போதும் இயங்கும், மாலை 7 மணிக்கு அணைப்பேன், போனுக்கோ ரீசார்ஜுக்கோ கம்பெனி ஏதாவது தர முடியுமா. போனுக்கு முடியாது என்று பதில் வந்தது, ரீசார்ஜுக்கு மாதம் 200 ரூபாய் சம்பளத்தோடு வருகிறது. கேட்காமல் இருந்தால் அதுவும் வந்திருக்காது. 7 மணி விஷயத்தில் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நான் அணைத்துவிடுகிறேன்.

மொத்தச் செலவு: பேட்டரி 750, சார்ஜிங் போர்டு 300, ஆல்கஹால் 100 மில்லி 120, பசை 100, பை 220, அடைப்பான் 60. ஆக 1,550 ரூபாய். மீட்டரும் திருப்புளி செட்டும் ஏற்கெனவே இருந்தன. அடுத்த முறை என்றால் சிம்மை முதலில் வாங்கி, தடைக்காலத்திலேயே, கரையில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே புது எண்ணைப் பழக்கியிருப்பேன். போனைப் பிரிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உப்பிய பேட்டரியைப் பிரித்துப் பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுத்துவிடுங்கள், கூலி 200, 300 ரூபாய்க்குள் முடியும். பழைய போனுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது நின்றுபோயிருக்கும் என்பதால் அதில் வேறு எந்தக் கணக்கையும் திறக்க வேண்டாம்.

போன மாதம் செயலியில் புதுப்பிப்பு வந்தது. இப்போது பதிவுக்கு முகத்தைக் காட்ட வேண்டும். 2019 போனின் முன்கேமரா விடியற்காலை 4 மணி இருட்டில், அதுவும் மங்கிய பைக்குள்ளிருந்து, என்னை யாரென்றே அடையாளம் காணவில்லை. பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வேன் கேபின் விளக்கில் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஏலக்கூடத்தில் பக்கத்தில் நின்றவரின் தலை லைட்டை வாங்கி முகத்துக்கு ஓரமாகப் பிடித்ததும் பதிவாகிவிட்டது. நேராக அடித்தால் ஆகாது, ஒரு பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். தினம் இரவல் கேட்க முடியாது என்று நானும் ஒன்று வாங்கிவிட்டேன், 180 ரூபாய். மேலே சொன்ன கணக்கில் அது சேரவில்லை.